மூலமும் பதிப்பும்: சேதுநாட்டுப் பதிப்புப்பணி முதல் இணையப் பாடம் வரை

வெளியிட்ட நூலையோ பாடத்தையோ திருத்த வேண்டுமானால், அது எதிலிருந்து உருவானதோ அந்த மூலம் கையில் இருக்க வேண்டும். இணையவழிப் பயிற்சிப் பாடங்களைத் தயாரிப்போர் இன்று சந்திக்கும் இச்சிக்கலை, ஓலைச்சுவடிகளை அச்சேற்றியோர் 19-ஆம் நூற்றாண்டிலேயே சந்தித்தனர். அப்பதிப்புப்பணிக்குத் துணைநின்ற இடங்களுள் இராமநாதபுரம் குறிப்பிடத்தக்கது.

சேதுநாட்டின் ஆதரவு

இராமநாதபுரம் பொன்னுசாமித் தேவரின் வேண்டுகோளின்படி, யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் திருக்குறள் பரிமேலழகர் உரையை 1861-இல் பதிப்பித்தார். பொன்னுசாமித் தேவரின் மகன் பாண்டித்துரைத் தேவர் (1867–1911) 1901-இல் மதுரைத் தமிழ்ச்சங்கத்தை நிறுவினார். சேதுபதி சமஸ்தான வித்துவான் ரா. இராகவையங்கார் அச்சங்கத்தின் 'செந்தமிழ்' இதழுக்கு முதல் ஆசிரியரானார். சுவடிகளில் கிடந்த பழைய நூல்கள் பல அவ்விதழின் வழியே அச்சேறின.

அச்சும் ஓலையும்

அக்காலத்தில் ஈய எழுத்துகளைக் கையால் கோத்து அச்சிட்டனர். அச்சு முடிந்ததும் எழுத்துகளைப் பிரித்து அறைகளில் போட்டுவிடுவர். பின்னர் ஒரு சொல்லைத் திருத்தவும் புதிதாக எழுத்துக் கோக்க வேண்டும். பிழை ஓலையில் உள்ளதா, படித்தவர் செய்ததா, அச்சுக் கோத்தவர் செய்ததா என்பதை அச்சான புத்தகம் மட்டும் காட்டாது. அதை அறிய மீண்டும் ஓலைக்கே செல்ல வேண்டும்.

உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887-இல் வெளியிட்டார். பின்னர் கிடைத்த சுவடிகளின் துணையோடு திருத்தி, 1907-இல் இரண்டாம் பதிப்பைக் கொண்டுவந்தார். பாடவேறுபாடுகளைக் குறித்தும், சுவடி தந்தோரை முன்னுரையில் சொல்லியும் தம் மூலங்களுக்குக் கணக்கு வைத்தார். கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் பழைய ஏடுகள் தீயிலிடப்பட்ட செய்தியை அவர் 'என் சரித்திரம்' நூலில் வருத்தத்துடன் பதிவு செய்துள்ளார். படியெடுக்கப்படாமல் எரிந்த ஏட்டுக்கு இரண்டாம் பதிப்பு இல்லை. ஐயர் 1942-இல் மறைந்தார். மறு ஆண்டே சென்னையில் அவர் பெயரில் அமைந்த நூலகம் அவருடைய சுவடிகளையும் கைக்குறிப்புகளையும் காத்து வருகிறது.

இணையப் பாடங்கள்

தமிழ் இணையப் பல்கலைக்கழகம் (இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம்) 2001-இல் தொடங்கியது. அக்காலத் தமிழ்க் கணினியில் தமிழக அரசு 1999-இல் ஏற்ற டாம், டாப் குறியாக்கங்கள் வழங்கின. 2010-இல் அரசு ஒருங்குறியை ஏற்றது. பழைய குறியாக்கத்தில் எழுத்தாகவே இருந்த பாடத்தை மென்பொருளால் மாற்றிவிடலாம். மூலம் தொலைந்து, படமாக மட்டும் எஞ்சிய பக்கத்தையோ மீண்டும் தட்டச்சு செய்ய வேண்டும்.

இன்றைய பயிற்சிப் பாடமும் இவ்வாறே. கற்போர் உலாவியில் காண்பது அச்சான புத்தகம் போன்றது. பாடத்தை உருவாக்கிய மென்பொருளின் திட்டக்கோப்பு, உரைப்படி, குரல்பதிவின் அசல், படங்களின் அசல் ஆகியவையே ஓலைக்கு நிகரானவை. திட்டக்கோப்பு இல்லையேல், ஒரு விதி மாறினாலும் பாடத்தைப் புதிதாகக் கட்ட நேரும்.

இதனால் சில வழக்கங்கள் தேவைப்படுகின்றன. ஒவ்வொரு வெளியீட்டின் மூலத்தையும் தேதியோடும் பதிப்பு எண்ணோடும் தனியே வைக்க வேண்டும். திருத்தத்தை அதன் நகலில் செய்ய வேண்டும். எது, ஏன் மாறியது என்று ஒரு வரியாவது எழுத வேண்டும். இரண்டு இடங்களிலாவது படி இருக்க வேண்டும். பாதி படித்தோர் இருக்கும்போது பக்க வரிசையை மாற்றினால், அவர்கள் விட்ட இடம் தவறிப்போகலாம். பெரிய மாற்றத்தைப் புதிய பதிப்பாகவே வெளியிட்டு, பழையதைப் படித்து முடிக்க அவர்களுக்கு அவகாசம் தருவது நல்லது.