டெமிங் என்ற புள்ளியியல் வாத்தியாரும் பாடி தொழிற்சாலையும்

கம்பெனி வாசல்களில் ஐ.எஸ்.ஓ. சான்று பெற்றது என்று போர்டு பார்க்கிறோம். தரம் என்ற இந்தப் பேச்சு தொழிற்சாலைக்குள் எப்படி வந்தது என்று கொஞ்சம் சொல்கிறேன்.

போருக்குப் பின் ஜப்பான் சாமான் என்றாலே மட்டம் என்ற பேச்சு இருந்தது. 1950இல் அந்நாட்டு விஞ்ஞானிகள், பொறியாளர்கள் சங்கம் அமெரிக்கப் புள்ளியியல் அறிஞர் எட்வர்ட்ஸ் டெமிங்கை அழைத்தது. ஜூலையில் டோக்கியோவில் எட்டு நாள் வகுப்பு எடுத்தார். செய்து முடித்தபின் நல்லது கெட்டது பொறுக்கிப் பயனில்லை, பழுது எந்த இடத்தில் எதனால் வருகிறது என்று கணக்கெடுத்து அங்கேயே சரிசெய்யுங்கள் என்பதுதான் பாடம். முழுஆண்டுத் தேர்வில் ஃபெயில் போடுவதற்கும், பையன் எந்தக் கணக்கில் தடுமாறுகிறான் என்று ஜூலையிலேயே பார்ப்பதற்கும் உள்ள வித்தியாசம்! வகுப்புக் குறிப்புகள் புத்தகமாக விற்ற பணத்தை அவர் சங்கத்துக்கே கொடுத்துவிட்டார். அதைக் கொண்டு 1951இல் டெமிங் பரிசு தொடங்கினார்கள். சொந்த நாட்டு மக்களுக்கு அவரைப் பரவலாகத் தெரிந்தது 1980இல், ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியால். அப்போது அவருக்கு வயது 79. (ரிட்டயர் ஆனவர்கள் கவனிக்க.)

ஐ.எஸ்.ஓ. 9000 வேறு வழியில் வந்தது. பிரிட்டனின் 1979ஆம் வருடத் தர விதிகளை ஒட்டி 1987இல் வெளியானது. வேலையை இன்ன முறையில் செய்வோம் என்று எழுதிவைத்து, அதன்படி நடக்கிறீர்களா என்று வெளியாள் வந்து பார்ப்பது. நம் சென்னை சுந்தரம் ஃபாஸ்டனர்ஸ் 1990லேயே இந்தச் சான்றை வாங்கிவிட்டது.

எனக்குப் பெரிதாகப் படுவது அடுத்த செய்தி. லாரி, பஸ்களுக்கு பிரேக் செய்த சுந்தரம் கிளேட்டனின் பாடி பிரேக் பிரிவு 1998இல் டெமிங் பரிசு பெற்றது. இந்தியாவில் அதுதான் முதல். இந்தப் பரிசுக்கு ஃபைல் காட்டினால் மட்டும் போதாது. தேர்வாளர்கள் தொழிற்சாலைக்கே வந்து பார்த்து, கேள்வி கேட்பார்கள்.

போன மாதம் பழைய மாணவன் ஒருவன் போனில், "சார், ஆடிட் வருது, மூணு நாளா ஆறு மாச ரிஜிஸ்டரையும் உட்கார்ந்து எழுதிக்கிட்டிருக்கோம்" என்றான். என்ன சாமான் செய்கிறீர்கள் என்று கேட்டேன். வண்டிக்கு பிரேக் பைப் என்றான். அப்புறம் எனக்குப் பேச்சு ஓடவில்லை.

தொழிற்சாலைகளில் இருக்கும் பிள்ளைகள், உங்கள் இடத்தில் ரிஜிஸ்டர் எப்போது எழுதப்படுகிறது என்று சொல்லுங்கள். கம்பெனிப் பெயர் வேண்டாம்.