கல்லில் ஏறாத சாவுகள்

சிங்கவரம் என்றதும் பலருக்கும் குடைவரையில் பள்ளிகொண்ட ரங்கநாதர்தான் நினைவுக்கு வருவார். எனக்கு முதலில் தோன்றுவது பக்கத்தில் இருக்கும் திருநாதர்குன்று. 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்ட சந்திரநந்தி ஆசிரியரின் பெயர் அங்கே பாறையில் இருக்கிறது. ஒரு சாவை நாள் எண்ணிப் பதித்து வைத்திருக்கிறார்கள். அதே செஞ்சிச் சீமையில் ரத்தபேதியில் போன குழந்தைகளுக்குக் கல் கிடையாது. "வயித்தால போயி செத்துப்போச்சு" என்பதோடு கணக்கு முடிந்துவிடும்.

ஆனால் எல்லாக் குழந்தைகளையும் கொன்றது பேதி மட்டும்தானா? திருவண்ணாமலை தாண்டினால் வேலூர். அங்கே சி.எம்.சி. மருத்துவமனையின் ரகுபதி உள்ளிட்ட ஐந்து மருத்துவர்கள், 1978இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு கட்டுரை எழுதினார்கள். ஷிகெல்லா சீதபேதி வந்த தென்னிந்தியக் குழந்தைகளுக்குச் சிறுநீரகம் செயலிழப்பதைப் பற்றியது அது.

இந்தக் கதைக்கு இரண்டு முனைகள். 1897இல் ஜப்பானில் பெரும் சீதபேதி பரவியபோது கியோஷி ஷிகா அந்தக் கிருமியைக் கண்டுபிடித்தார். 1955இல் சுவிட்சர்லாந்தின் கேசர், ரத்த அணுக்கள் சிதைந்து சிறுநீரகமும் பழுதாகும் குழந்தைகளைப் பற்றி எழுதி, 'ஹீமோலிட்டிக் யுரீமிக் சிண்ட்ரோம்' என்று பெயர் வைத்தார். ஷிகாவின் கிருமி குடலைச் சேர்ந்தது, கேசரின் நோய் சிறுநீரகத்தைச் சேர்ந்தது. இரண்டையும் இணைப்பது ஒரு நஞ்சு. 1983இல் டொரண்டோவில் கர்மாலி குழுவினர், ஏறக்குறைய அதே நஞ்சைச் சுரக்கும் ஈ-கோலை வகைகளையும் இந்த நோயோடு தொடர்புபடுத்தினார்கள்.

மென்பொருள் வேலையில் இது பழகிய விஷயம்: பிழை ஒரு இடத்துல இருக்கும், வேற இடத்துலதான் வெடிக்கும். நஞ்சு குடலிலிருந்து ரத்தத்தில் கலந்து, சிறுநீரகத்தின் நுண்குழாய்களின் உட்சுவரைப் புண்ணாக்குகிறது. அங்கே தட்டணுக்கள் கூடி அடைக்கின்றன. அந்த இடுக்கில் நுழையும் சிவப்பணுக்கள் கிழிகின்றன. குழந்தை வெளுக்கிறது, சிறுநீர் குறைகிறது.

கொடுமை என்னவென்றால், இது பெரும்பாலும் பேதி தணிகிற நேரத்தில், சுமார் ஒரு வாரம் கழித்துத் தலைகாட்டும். "நின்னுடுச்சு, இனி பயமில்ல" என்று வீடு மூச்சுவிடும்போது. பேதியில் நீரிழப்புக்கு உப்பு-சர்க்கரைக் கரைசல் உயிர் காக்கும், உண்மைதான். ஆனால் சிறுநீரகம் நின்றுபோன உடம்பில் அளவுமீறி ஏற்றும் நீரே ஆபத்து. அப்போது தேவைப்படுவது கவனமாக அளந்த திரவம், ரத்தம், சிலருக்கு டயாலிசிஸ். சரியான நேரத்தில் கிடைத்தால் பல குழந்தைகள் மீண்டுவிடுகிறார்கள்.

ரத்தபேதி கண்ட குழந்தை தேறி வரும்போது எத்தனை தடவை வெளிக்குப் போச்சு என்று மட்டும் கேட்கிறோம். கடைசியாக எப்போது மூத்திரம் போச்சு என்றும் கேட்க வேண்டும்.