ஊவாத் தேயிலையும் எண்ணெய் எஞ்சினும்

ஊவாத் தேயிலைக்கு நறுமணம் அளிப்பது யூலை முதல் செப்டெம்பர் வரை வீசும் வரண்ட கச்சான் காற்று. ஆயின் அக்காற்றுக் காலத்திலேயே பதுளை மலையோடைகள் மெலியும். நீர்ச்சக்கரத்தை நம்பிய தோட்டத் தொழிற்சாலைகள், உயர்ந்த கொழுந்து வரும் வேளையிலே வலுவிழந்தன. அக்குறையைத் தீர்த்தவற்றுள் எண்ணெய் எஞ்சினும் ஒன்று.

ஓட்டோ 1876இல் இயக்கிக் காட்டிய நான்கு வீச்சு முறையிலே, உள்ளிழுத்தல், அமுக்கல், எரிந்து தள்ளல், வெளியேற்றல் ஆகியன நிறைவேற வணரித்தண்டு இருமுறை சுழலும். வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டு ஒருமுறையே சுழலும். இப்பாதிக் கணக்கு பிசகலாகாது. 40 பற்களுடைய கேம் சக்கரத்தை ஒரு பல் தவறிப் பூட்டினால், வால்வு திறக்கும் வேளை வணரித்தண்டின் அளவில் 18 பாகை பிறழும். வெளியேற்று வால்வு அவ்வளவு முந்தித் திறப்பின், எரிந்த வாயுவின் தள்ளுவிசை வீணாகும். எஞ்சின் தளர்ந்தால் உருட்டும் பொறியும் உலர்த்தியின் விசிறியும் உடன் தளரும். உருட்டிய கொழுந்தோ காத்திராது. நொதித்தல் அளவு கடந்தால், கச்சான் தந்த மணமும் கெடும்.

இவ்வேலையைக் கையாலும் காதாலும் கற்றவருட் பலர், 1948ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமை மறுத்த தமிழ்த் தொழிலாளரே. எஞ்சின் செய்த கம்பெனியின் பெயர் வார்ப்பிரும்பிலே நிலைத்தது. வால்வு இடைவெளியைச் சரிபார்த்தவர் பெயரைத் தோட்ட வரலாறுகளிற் காண்பது அரிது.