வாரக் கணக்கில் ஒரு நாவல்

பெரிய நாவல் ஒன்றை வாரத்துக்கு இத்தனை அத்தியாயம் என்று பிரித்து, எதுவரை வந்தோம் என்று குறித்துக்கொண்டே படிப்பதைப் புதுப் பழக்கம் என்று பலர் நினைக்கிறார்கள். தமிழ் வாசகருக்கு அது பழகிப்போன வழி. அன்று அந்த அளவை வகுத்தது பத்திரிகை. கணக்கை வைத்திருந்தது வீடு. வாராவாரம் தொடர்கதைப் பக்கங்களைப் பிரித்தெடுத்து, வரிசையாக அடுக்கி, கதை முடிந்ததும் அட்டை போட்டுத் தைத்த பைண்டுதான் அந்தக் கணக்குப் புத்தகம். அதை மலிவுப் புத்தகம் என்று மட்டும் பார்த்தால் ஒரு வாசிப்பு முறையின் வரலாற்றையே தவறவிட்டுவிடுவோம்.

தொடராக நாவல் வருவது எழுத்தாளர் கல்கியோடு தொடங்கியதல்ல. ராஜமய்யரின் கமலாம்பாள் சரித்திரம் 1893 முதல் 1895 வரை விவேக சிந்தாமணியில் வெளிவந்தது. ஆனால் அது மாதப் பத்திரிகை. மாதத்துக்கு ஒருமுறை வருவதை எதிர்பார்க்கலாம், அதைச் சுற்றி அன்றாடத்தை அமைத்துக்கொள்ள முடியாது. முப்பதுகளில் ஆனந்த விகடனும், 1941இல் தொடங்கிய கல்கி இதழும்தான் கதைக்கு வாரம் என்ற தாளத்தைக் கொடுத்தன. 1950 அக்டோபரில் அந்த இதழில் தொடங்கிய கல்கியின் பொன்னியின் செல்வன் மூன்றரை ஆண்டுக்கு மேல் ஓடியது. ஐந்து பாகங்களில் மொத்தம் 293 அத்தியாயங்கள்; கடைசிப் பாகத்தில் மட்டும் 91. வகுத்துப் பார்த்தால் சராசரி வாரத்துக்கு ஒன்றரை அத்தியாயம். இன்று ஒரு மாதத்துக்குள் முடித்துவிடக்கூடிய கதையோடு அன்றைய வாசகர் நான்கு தீபாவளிகளைக் கழித்தார்.

இவ்வளவு நீண்ட காலம் கதையை நினைவில் வைத்திருந்தார்களா என்ற ஐயம் நியாயமானது. கல்கிக்கும் அது இருந்திருக்க வேண்டும். கதாநாயகன் வந்தியத்தேவனை எங்கே விட்டுவிட்டு வந்தோம் என்று கதைசொல்லி அடிக்கடி நினைவூட்டுகிறார். நூலாக ஒரே மூச்சில் படிப்பவருக்குச் சற்று அலுப்புத் தரும் அந்த வரிகள், வாரக் கணக்கில் படித்தவருக்கு வைத்த அடையாளக் கயிறு. ஆனால் வாசகர்கள் அதை மட்டும் நம்பியிருக்கவில்லை என்பதற்கு நாவலின் முடிவுரையே சாட்சி. கதை முடிந்தபின் இன்னாருக்கு என்ன ஆயிற்று, அந்த இழை ஏன் அறுந்தது என்று வந்த கேள்விகளுக்கு ஆசிரியர் அதில் பதில் சொல்கிறார். ஆசிரியரிடமே பாக்கி கேட்கும் அளவுக்கு வாசகர்கள் வரவு செலவு பார்த்திருக்கிறார்கள்!

புத்தகம் வாங்க வசதியில்லாததால் பைண்டு செய்தார்கள், இதில் வாசிப்புக் கணக்கு எங்கே வந்தது என்று கேட்கலாம். காசு ஒரு காரணம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் பைண்டு என்பது முழுமையாக வந்தால்தான் பைண்டு. ஓர் இதழ் தவறினால் பக்கத்து வீட்டிலோ பழைய பேப்பர் கடையிலோ தேட வேண்டும். எந்த வாரம் விடுபட்டது என்று தெரிந்தால்தானே தேட முடியும்? இன்னொரு ஆட்சேபம் வலுவானது: பத்திரிகை கொடுத்ததைக் கொடுத்தபோது படித்தவருக்கு வேறு வழியே இல்லை, தன் விருப்பத்தில் வாரக் கணக்கு வைக்கும் இன்றைய வாசகரோடு அவரை எப்படி ஒப்பிடுவது? முதல் முறைக்கு அந்த ஆட்சேபம் பொருந்தும். ஆனால் நூல் கடைகளில் தாராளமாகக் கிடைக்கத் தொடங்கிய பிறகும், அடுத்த பல பத்தாண்டுகளில் கல்கி இதழ் அதே நாவலை மீண்டும் மீண்டும், புதிய ஓவியர்களின் படங்களோடு தொடராக வெளியிட்டது. முடிவு தெரிந்த கதை. வேண்டுமென்றால் நாளைக்கே முழுவதையும் வாங்கிவிடலாம். அப்படியிருந்தும் அடுத்த இதழுக்குக் காத்திருக்கச் சம்மதித்த வாசகர்களை நம்பித்தான் ஒரு வார இதழ் தன் பக்கங்களை மறுபடியும் அந்தக் கதைக்குக் கொடுத்திருக்க முடியும்.