தும்மலும் துயிலும்

இங்கிலாந்தில் புல் பூக்கும் பருவம் ஜூன் திங்கள். ஆண்டுதோறும் அப்பருவத்தில் லண்டன் மருத்துவர் ஜான் பாஸ்டாக்கின் கண்கள் எரிந்து நீர் வடியும், தும்மல் அடுக்கடுக்காக எழும், மார்பு அடைக்கும். எட்டாம் அகவையில் தொடங்கிய இத்தொல்லையை 1819ஆம் ஆண்டில் மருத்துவர் கழகமொன்றின் முன் அவர் விரித்துரைத்தார். குருதி வடித்தல், அபின், குளிர்நீராட்டு என அக்கால மருத்துவம் அறிந்தவற்றையெல்லாம் தம் உடலிலேயே செய்து பார்த்தும் பயனில்லை. ராம்ஸ்கேட் கடற்கரையில் கோடையைக் கழித்தபோதுதான் சற்று அமைதி கிட்டியது. வெயிலின் வெம்மையே நோய்க்குக் காரணமென அவர் கருதினார். புதிதாக உலர்த்திய புல்லே காரணமென்று பொதுமக்கள் சொன்னதை அவர் ஏற்கவில்லை. காய்ச்சலில்லாத நோய்க்கு ‘வைக்கோல் காய்ச்சல்’ என்று பெயரிட்டாலும், உண்மைக்கு மருத்துவரைவிட மக்களே அருகில் நின்றனர்.

அவ்வுண்மையை நிறுவியவர் மான்செஸ்டர் மருத்துவர் சார்லஸ் பிளாக்லி. அவரும் இந்நோயாளியே. புற்களின் மகரந்தத்தூளைச் சேமித்து வைத்து, பருவமல்லாத காலத்தில் தம் மூக்கில் இட்டுக்கொண்டார், தும்மல் வந்தது. கீறிய தோலில் தடவினார், தடித்தது. பசை பூசிய கண்ணாடித் தகடுகளைப் பட்டத்தில் கட்டிப் பறக்கவிட்டு, வானில் உலவும் தூளையும் எண்ணினார். வெம்மைக் கொள்கை அத்துடன் வீழ்ந்தது. 1873இல் வெளிவந்த அவருடைய நூலுக்குரிய புகழ் இன்றும் முழுமையாகக் கிட்டவில்லை எனலாம்.

காரணம் தெரிந்தும் மருந்து வர எழுபதாண்டுகள் சென்றன. மகரந்தம் படும்போது உடலே வெளியிடும் ஹிஸ்டமின் என்னும் பொருள்தான் அரிப்பையும் நீரொழுக்கையும் உண்டாக்குகிறது. அதன் செயல்களை ஹென்றி டேல் 1910 முதல் ஆராய்ந்தார். பாரிசில் பாஸ்டர் ஆய்வகத்தைச் சேர்ந்த டேனியல் போவே, ஆன்-மாரி ஸ்டாப் இருவரும் 1937இல் ஹிஸ்டமினைத் தடுக்கும் முதற்பொருளைக் கண்டனர்; நச்சுத்தன்மையால் அது மனிதருக்கு உதவவில்லை. 1942இல் ஹால்பெர்ன் அளித்த ‘ஆன்டர்கன்’ உதவிற்று. 1946இல் அமெரிக்காவில் ‘பெனட்ரில்’ வந்தது. போவே 1957இல் நோபல் பரிசு பெற்றார்.

இம்மருந்துகள் ஹிஸ்டமினை அழிப்பதில்லை. அது அமரவேண்டிய இருக்கையைப் பிடித்துக்கொள்கின்றன. அத்தகைய இருக்கைகள் மூளையிலும் உள்ளன. அங்கே ஹிஸ்டமினின் பணி மனிதரை விழித்திருக்கச் செய்வது. எனவே, மூளைக்குள் எளிதில் நுழையும் பழைய மருந்துகள் தும்மலை நிறுத்தித் தூக்கத்தைத் தந்தன. மலேசியா, சிங்கப்பூரில் பெரிதும் வீட்டுத்தூசி உண்ணிகளால் வரும் மூக்கொழுகலுக்கு வழங்கும் குளோர்பெனிரமினும் இவ்வினத்ததே.

மாணவர்க்கு இது சிறு விலையன்று. பிரிட்டனில் இறுதித் தேர்வுகள் நடப்பது புல் பூக்கும் கோடையில். பதின்ம வயது மாணவரிடையே நடத்தி 2007இல் வெளியிட்ட ஆய்வொன்றில், குளிர்கால முன்தேர்வைவிடக் கோடைத் தேர்வில் ஏதேனும் ஒரு பாடத்தில் தரம் இறங்கும் வாய்ப்பு இந்நோயுடையோர்க்கு 40 விழுக்காடு மிகுந்திருந்தது. தூக்கம் தரும் மருந்தை உட்கொண்டோர்க்கு 70 விழுக்காடு மிகுந்திருந்தது.

தூக்கம் தராத ‘டெர்பெனடின்’ அமெரிக்காவில் 1985இல் இசைவு பெற்றது. ஆனால், வேறு சில மருந்துகளுடன் சேர்ந்தபோது அது குருதியில் தேங்கி இதயத் துடிப்பைக் குலைத்தது. 1998இல் அங்கே விலக்கப்பட்டது. அம்மருந்து ஈரலில் மாறிப் பிறக்கும் பொருளே உண்மையில் நோயைத் தணித்ததென ஆய்வாளர் கண்டனர். இதயத்திற்குத் தீங்கிழைக்காத அப்பொருளே ‘பெக்சோபெனடின்’ என்னும் பெயரில் 1996 முதல் வழங்கி வருகிறது.