விரல் திறந்த வாயில், பலூன் திறந்த வாயில்

ஆரணியை அடுத்த முள்ளிப்பட்டில், பட்டுத் தறிக்கான பாவைக் கஞ்சி தோய்த்து உலர்த்தும்போது இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதுண்டு. நெசவாளர் அவற்றை அறுப்பதில்லை. பக்குவமாக விலக்கிப் பிரித்துவிடுகிறார். உடலுக்குள் ஒட்டிச் சுருங்கிய வழிகளையும் அவ்வாறே வெட்டாமல் விலக்கித் திறக்க முடியுமா? மருத்துவ உலகை நெடுங்காலம் ஆட்கொண்டிருந்த வினா இது. அதற்கு விடை தேடிய வரலாற்றின் ஓர் ஏடு, ஆரணியிலிருந்து சுமார் 40 கிலோமீட்டரில் உள்ள வேலூரில் எழுதப்பட்டது என்பதை நம்மில் பலர் அறிந்திருக்கமாட்டோம்.

வழி குறுகினால் அதை மெல்ல விரிக்க வேண்டும் என்னும் எண்ணம் பழமையானது. சிறுநீர் வாய் குறுகியவர்க்கு இரும்பு, மரம், அரக்கு ஆகியவற்றாலான குழாயை நெய் தடவிச் செலுத்தி, மூன்று நாட்களுக்கு ஒருமுறை அதனினும் பருத்த குழாயை மாற்ற வேண்டும் என்று சுசுருதர் நூல் கூறுகிறது. ஐரோப்பியர் இதற்கு மெழுகுக் கோல்களைக் கையாண்டனர். அக்கோலுக்கு அவர்கள் வைத்த ‘பூஜி’ என்னும் பெயர், மெழுகு ஏற்றுமதிக்குப் புகழ்பெற்ற அல்ஜீரியத் துறைமுகமான பிஜாயாவின் பெயரிலிருந்து பிறந்தது. வட ஆப்பிரிக்க முஸ்லிம் நகரொன்றின் பெயர் இன்றும் மருத்துவர் நாவில் வழங்குகிறது!

சிறுநீர் வழியை விரிப்பது ஒன்று; துடிக்கும் இதயத்தின் வாயிலை விரிப்பது முற்றிலும் வேறு. நம் நாட்டு ஏழை இல்லங்களில் அந்த வாயில் குறுகுவதற்குப் பெருங்காரணம், பிள்ளைப் பருவத்தில் வரும் தொண்டைப் புண்ணே. அதைத் தொடர்ந்து சிலருக்குக் காய்ச்சலும், மூட்டுக்கு மூட்டு மாறும் வலியும் தோன்றும். ருமாட்டிக் காய்ச்சல் எனப்படும் இந்நோய் மூட்டை விட்டு நீங்கிவிடும். இதயத்தை விட்டு நீங்காது. இதயத்தின் இடப்புறத்து ஈரிதழ் வால்வின் இதழ்கள் நாளடைவில் ஒட்டிக்கொள்ளும். 4 முதல் 6 சதுர சென்டிமீட்டர் வரை இருக்க வேண்டிய வாயில், ஒரு சதுர சென்டிமீட்டராகவும் சுருங்கும். மேலைநாட்டில் நடுவயதில் காணும் இவ்விடர், இந்தியாவில் இருபது வயது நிரம்பாதோரையும் பற்றுவதை 1963இல் தில்லி மருத்துவர்கள் உலகுக்கு எடுத்துரைத்தனர்.

இதயத்தில் நேர்ந்த குறுக்கம் மூச்சுத் திணறலாக வெளிப்படுவது ஏன்? இதயத்தின் வலப்புறத்து இரத்தம் நுரையீரல் வழியாகவே இடப்புறம் சேர்கிறது. இவ்வுண்மையை முதலில் தெளிவுறுத்தியவர், 1288இல் கெய்ரோவில் மறைந்த மருத்துவ மேதை இப்னு அந்நஃபீஸ். இடப்புற வாயில் அடைபட்டால் இரத்தம் நுரையீரலில் தேங்கும், மூச்சு முட்டும்.

1925இல் லண்டனில் ஹென்றி சூட்டர் என்னும் அறுவை மருத்துவர், ஓர் இளம் பெண்ணின் இதயத்துக்குள் தம் விரலைச் செலுத்தி வால்வை விரித்தார். அவள் பிழைத்தாள். ஆயினும் அவரிடம் அடுத்த நோயாளியை அனுப்ப எவரும் துணியவில்லை. 1948இல் அமெரிக்காவில்தான் இம்முறை மீண்டும் உயிர்பெற்றது. ஏறத்தாழ அக்காலத்திலேயே வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த ரீவ் பெட்ஸ், அங்கே நெஞ்சறுவைத் துறையை நிறுவினார். விலாவைத் திறந்து, இதயம் துடித்துக்கொண்டிருக்கும்போதே ஒட்டிய இதழ்களைப் பிரிக்கும் அறுவை வேலூரில் வேரூன்றியது. அம்முறையில் தொடர்ச்சியாக 3724 பேருக்கு ஆற்றிய சிகிச்சையின் பலன்களை அம்மருத்துவமனையினர் 1983இல் வெளியிட்டபோது உலகமே அதைக் கருத்தூன்றிப் படித்தது.

இதற்கிடையில் கத்தியின்றி விரிக்கும் கலை வேறிடங்களில் வளர்ந்தது. 1964இல் அமெரிக்கரான சார்லஸ் டாட்டர், 82 வயது மூதாட்டியின் கால் தமனியைக் குழாய்களால் விரித்து, அவர் காலை இழக்காமல் காத்தார். சமையலறை மேசையில் பலூன் செய்து பழகிய ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக், 1977 செப்டம்பர் 16 அன்று சூரிக் நகரில் இதயத் தமனி ஒன்றைப் பலூனால் திறந்தார். 1986இல் அம்முறையைச் சென்னையில் தொடங்கிவைத்தார் டாக்டர் மேத்யூ சாமுவேல் களரிக்கல்.

வால்வுக்கான பலூனை அமைத்தவர் ஜப்பானிய அறுவை மருத்துவர் கான்ஜி இனோவே, ஆண்டு 1982. இரண்டு ரப்பர் படலங்களுக்கிடையே நுண்ணிய நூல் வலை பொதிந்த பலூன் அது. தொடைச் சிரை வழியே செலுத்தி, இதய மேலறைகளின் இடைச்சுவரில் சிறு துளையிட்டு, வால்வுக்குள் நுழைப்பர். முன்பகுதி முதலிலும், பின்பகுதி அடுத்தும் பருத்து வால்வைக் கவ்விக்கொள்ளும். இறுதியில் இடை பருக்கும்போது இதழ்கள் பிரியும். சில வினாடிகளில் முடிந்துவிடும் செயல்!

இது அறுவைக்கு ஈடாகுமா என்ற ஐயத்துக்கு விடை ஐதராபாத்திலிருந்து வந்தது. 60 நோயாளிகளைக் கொண்டு நடத்திய ஆய்வு 1994இல் வெளியாயிற்று. மூன்றாண்டுகளுக்குப் பின் பலூன் கண்டோரின் வாயில் சராசரி 2.4 சதுர சென்டிமீட்டர். திறந்த இதய அறுவை கண்டோருக்கு 1.8.

ஆயினும் பலூன் எல்லோருக்கும் பொருந்துவதன்று. சுண்ணாம்பேறி இறுகிய வால்வுக்கும், பெரிதும் கசியும் வால்வுக்கும் அறுவையே வழி. விரித்த வாயில் ஆண்டுகள் சென்றபின் மீண்டும் குறுகவும் கூடும்.

இங்கேதான் நம் குடும்பங்கள் சிந்திக்க வேண்டும். மூச்சு வாங்கும் மகளைச் சோம்பேறி என்று கடிந்துகொள்கிறோம். நோய் தெரிந்தபின்னும் நிக்காஹ் தடைப்படுமோ என்றஞ்சி மறைக்கிறோம். கருவுற்ற காலத்தில் இரத்தம் பெருகும். அதுவரை அடங்கியிருந்த குறுக்கம் அப்போது தாயின் உயிரையே உலுக்கும். மறைப்பால் நாம் காப்பது எதை?

தொண்டைப் புண்ணுக்கு உரிய காலத்தில் மருந்து கொடுத்தால் ருமாட்டிக் காய்ச்சலைத் தடுக்கலாம். அக்காய்ச்சல் வந்துவிட்ட பிள்ளைக்கு மூன்று அல்லது நான்கு வாரங்களுக்கு ஒருமுறை, மருத்துவர் கூறும் ஆண்டுகள் வரை, பெனிசிலின் ஊசி தவறக் கூடாது. ஒட்டிய இதழ்களைப் பிரிக்க வேலூர் இருக்கிறது. ஒட்டாமல் காப்பது நம் வீட்டு வாசலிலேயே தொடங்க வேண்டிய கடமை.