ஓரடி பின்னால் நின்றவர்

1998 உலகக் கோப்பை என்றதும் எல்லாருக்கும் ஞாபகம் வருவது, இறுதிப் போட்டியில் ஜிதான் தலையால் முட்டிப் போட்ட இரண்டு கோல்கள்தான். பிரான்ஸ் 3, பிரேசில் 0. நானும் அதைப் பார்த்துக் கத்தியவன்தான். ஆனால் அந்தக் கோப்பையை முன்வரிசை வென்று கொடுத்தது என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

ஏழு ஆட்டங்களில் பிரான்ஸ் வாங்கிய கோல்கள் இரண்டே இரண்டு. ஒன்று, டென்மார்க்கின் மைக்கேல் லாட்ரூப் அடித்த பெனால்டி. அன்றைக்குப் பயிற்சியாளர் எமே ஜாக்கே பின்வரிசையில் மூன்று பேருக்கு ஓய்வு கொடுத்திருந்தார். வழக்கமான நால்வரும் சேர்ந்து நின்றபோது விழுந்தது ஒரே ஒரு கோல். அந்த ஒன்றைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

வலப்பக்கம் லிலியன் துராம். நடுவில் லோரான் பிளான், மார்செல் தெசாயி. இடப்பக்கம் பிசென்தே லிசராசு. பின்னால் மொட்டைத் தலையோடு கோல்கீப்பர் பார்தேஸ். துராம் பிறந்தது கரீபியன் கடலில் பிரான்சின் வசமிருக்கும் குவாதலூப் தீவில். தெசாயி கானாவின் அக்ராவில். லிசராசு பாஸ்க் நாட்டுக்காரர். பிளான் தெற்கு பிரான்சின் அலேஸ்காரர். இந்த நால்வரும் சேர்ந்து இறங்கிய 28 ஆட்டங்களில் பிரான்ஸ் ஒன்றில்கூடத் தோற்கவில்லை.

ஜாக்கேயின் ஆட்டம் பார்க்கச் சலிப்பாக இருக்கிறது என்று பிரெஞ்சுப் பத்திரிகைகள் போட்டி தொடங்கும் முன்பே அவரைக் கிழித்துத் தொங்கவிட்டன. முதன்மை ஸ்டிரைக்கர் கிவார்ஷ் அந்தத் தொடரில் ஒரு கோல்கூடப் போடவில்லை. பராகுவேயோடு ஆடிய ஆட்டத்தில் 114-வது நிமிடத்தில் பிளான்தான் முன்னே ஓடிவந்து கோல் போட வேண்டியிருந்தது. இத்தாலியோடு 120 நிமிடமும் 0-0. பெனால்டியில் தப்பித்தார்கள்.

அரையிறுதியில் எதிரே குரோஷியா. நம்மூர் நேரத்துக்கு ஜூலை 9, நள்ளிரவு பன்னிரண்டரை. அப்போது எங்கள் வீட்டில் டிவி ரிப்பேர். பக்கத்து வீட்டுத் தாத்தா வீட்டுக்குப் போய்விட்டேன். பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்து ஓய்வூதியம் வாங்குபவர்களைப் பாண்டியில் ‘சொல்தா’ என்போம். அவரும் ஒரு சொல்தா.

இடைவேளை முடிந்து ஆட்டம் தொடங்கிய முதல் நிமிடம். அசனோவிச் பந்தை முன்னே தள்ளுகிறார். பிரான்சின் பின்வரிசை ஓரடி முன்னேறுகிறது, ஷூகரை ஆஃப்சைடில் மாட்டிவிட. கடைசியாக நிற்கும் பின்வரிசைக்காரர் எங்கே நிற்கிறாரோ, அங்கேதான் கோடு. மூன்று பேர் சரியாக ஏறி, ஒருவர் மட்டும் பின்தங்கினால் கோடு அவர் காலடிக்கு வந்துவிடும். மற்ற மூவரும் சரியாகச் செய்ததற்கு அர்த்தமே இல்லாமல் போகும். அன்று பின்தங்கியவர் துராம். ஷூகர் ஆஃப்சைடு இல்லை. 1-0.

தாத்தா சத்தம் போடவில்லை. “முன்னாடி ஓடுறவன் தப்பு பண்ணா இன்னொரு சான்ஸ் வரும் தம்பி. பின்னாடி நிக்கிறவன் தப்பு பண்ணா கணக்குல ஏறிடும்” என்றார்.

அடுத்த நிமிடமே துராம் எதிராளியின் பெனால்டி பாக்ஸ் பக்கத்தில் போபனிடமிருந்து பந்தைப் பிடுங்கி, ஜோர்கேயெஃபோடு கொடுத்து வாங்கி, உள்ளே தள்ளினார். 1-1. எழுபதாவது நிமிடத்தை ஒட்டி, தூரத்திலிருந்து இடது காலால் இன்னொன்று. 2-1. மண்டியிட்டு, உதட்டில் விரலை வைத்து, ஏதோ யோசிக்கிறவர் மாதிரி உட்கார்ந்தார். பிரான்சுக்காக அவர் ஆடியது 142 ஆட்டங்கள். போட்ட கோல்கள் அந்த இரண்டு மட்டுமே.

நாக் அவுட் சுற்றில் இறுதிப் போட்டிக்கு முன் பிரான்ஸ் போட்ட கோல்கள் மூன்று. மூன்றுமே பின்வரிசைக்காரர்கள் போட்டவை.

இதில் பாண்டிச்சேரிக்காரனுக்கு என்ன என்று கேட்கலாம். 1996-இல், தீவிர வலதுசாரித் தலைவர் ழான்-மரி லெ பென், வெளியிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து பிரெஞ்சு அணி என்று பெயர் வைப்பது போலித்தனம் என்று பேசியிருந்தார். ‘யார் பிரெஞ்சுக்காரர்’ என்பது எங்கள் ஊரில் காகிதத்தில் வந்த கேள்வி. 1956-இல் கையெழுத்தாகி, 1962 ஆகஸ்ட் 16-இல் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தப்படி, இங்கே பிறந்து இங்கேயே வாழ்ந்தவர்கள் இந்தியர்கள் ஆனார்கள். பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமென்றால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். ஏறத்தாழ 5,000 பேர் எழுதிக் கொடுத்தார்கள். தாத்தா எழுதிக் கொடுத்தார், அவர் தம்பி கொடுக்கவில்லை. ஒரே வயிற்றில் பிறந்து இரண்டு நாட்டுக்காரர்கள். அப்படிப்பட்ட குடும்பங்கள் இங்கே நிறைய.

அதனால் துராம் பின்தங்கிய அந்த நொடியை நாங்கள் வெறும் ஆட்டமாகப் பார்க்கவில்லை. பிளான் அந்தத் தப்பைச் செய்திருந்தால் பிளான் செய்த தப்பு என்று போயிருக்கும். துராம் செய்தால்? கோல்கள் வராமல் பிரான்ஸ் தோற்றிருந்தால், லெ பென் பேச்சுக்கு அந்த ஓரடியே சாட்சியாக ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். ஒருவர் ‘உள்ளவர்’ என்று நிரூபிக்க இரண்டு கோல் போட வேண்டியிருப்பது நியாயமில்லைதான். அன்றைக்கு அது தோன்றவில்லை, சந்தோஷம் அவ்வளவு. துராமுக்குத் தோன்றியிருக்கிறது. பிற்பாடு, 2008-இல், இனவெறிக்கு எதிராகப் பள்ளிப் பிள்ளைகளிடம் பேச ஓர் அறக்கட்டளையே தொடங்கினார்.

அரையிறுதியில் பிளானுக்கு ரெட் கார்டு. இறுதிப் போட்டியில் அவர் இடத்தில் லெபஃப். 68-வது நிமிடத்தில் தெசாயியும் வெளியே. நடு இரண்டு பேருமே இல்லாத பின்வரிசை பிரேசிலுக்கு ஒரு கோல்கூடக் கொடுக்கவில்லை. நம் நேரத்துக்கு அது ஜூலை 13 விடியற்காலை. ஜூலை 14 பிரெஞ்சு தேசிய நாளுக்கு முந்தின மாலை பாண்டியில் விளக்கு ஊர்வலம் போவது வழக்கம். தாத்தா தூங்காமலே கிளம்பினார். தம்பியையும் கூட்டிக்கொண்டு போனார்.

ஊர்வலத்தில் எல்லாரும் ஜிதான் பெயரைத்தான் சொன்னார்களாம். திரும்பி வந்ததும் தாத்தா என்னிடம் கேட்டது வேறு: “அந்த ஒத்தை கோலு, அவன் ஏன் தம்பி ஏறாம நின்னான்?”